புடவைப் பையோடு போன சூர்யகலா டீச்சர்

சூர்யகலா டீச்சருக்கு வாய் இரண்டு. ஒன்று அவளுக்கு. இன்னொன்று, தங்களுக்காகப் பேசத் தெரியாத பிள்ளைகளுக்காகக் கடவுள் கூடுதலாக வைத்து அனுப்பியது. நம்பாதவர்கள் ஆரணியில் எந்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அவளுடைய ஸ்கூட்டி பள்ளிக்கூட வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதுமே பாதிப் பேர் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்களாம். மீதிப் பேர், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எந்தக் காகிதமானாலும் கையெழுத்துப் போட்டு நீட்டிவிடுவார்களாம்.

வேலை சிறப்பாசிரியர் வேலை. படிக்கும்போது எழுத்து இடம் மாறும் பிள்ளைகள், எழுதும்போது பாதி வார்த்தையில் தொலைந்துபோகும் பிள்ளைகள், இவர்கள்தான் அவள் வகுப்பு. மூளையில் குறை ஒன்றுமில்லை. வாயால் சொல்லிக்கொடுத்தால் கற்பூரமாய்ப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணுக்கும் காகிதத்துக்கும்தான் ஆகாது. கற்றல் குறைபாடு என்று அதற்கு ஒரு பெயர். ஊரில் வைத்த பெயர் மக்கு.

அந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பெற்றவர்களைச் சம்மதிக்க வைத்து, திருவண்ணாமலைக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் சான்றிதழ் வாங்கி, பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஓர் ஆளும் வாங்கிக் கொடுப்பது சூர்யகலாவின் பாடு. பிள்ளை பக்கத்தில் நிற்கும். இவள் பேசுவாள். "உன் பேரென்னம்மா?" என்று அதிகாரி பிள்ளையைக் கேட்டால்கூட இவள்தான் பதில் சொல்வாள். அப்பா பேர், ஊர், ரத்த வகை எல்லாம் இவளே.

ஆனால் அவளுடைய ராஜ்ஜியம் பிளஸ் டூ வரைக்கும்தான். பள்ளியில் வாத்தியார் பிள்ளையைத் தேடி வருவார். கல்லூரியில் யாரும் தேடி வரமாட்டார்கள். எனக்கு இது வராது, எனக்கு இது வேண்டும் என்று பிள்ளையே போய்க் கேட்க வேண்டும். சூர்யகலா வளர்த்த பிள்ளைகளுக்கோ எல்லாம் வரும், கேட்க மட்டும் வராது. முதல் பருவத் தேர்வோடு பலபேர் நின்றுவிட்டார்கள். சிலர் துணிக்கடையில், சிலர் செல்போன் கடையில். "வாங்க டீச்சர்" என்று அவர்கள் சிரித்தால் அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாது. எதையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். இதுவரை அவள் போனுக்கென்று வாங்கி வந்த கண்ணாடிகளை ஒட்டவைத்தால் ஒரு ஜன்னலுக்கு ஆகும்.

எழிலரசியை மட்டும் அப்படி விடுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

எழிலரசி சேவூர்ப் பெண். அப்பா தங்கவேலு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். வந்தவாசி சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்திருந்தாள். கல்லூரியின் பெயர் நமக்கு எதற்கு? சேர்த்துவிட்ட அன்றே தங்கவேலு தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "மொத பரீட்சையில போச்சுனா நின்னுடணும் எழிலு. அப்புறம் அழக்கூடாது." எழிலும் சரி என்றிருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் தங்கவேலு, தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு சூர்யகலா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், எங்க வூட்டுக்கு காலேஜ் புள்ளைங்க ஆப்பிள் வாங்கிகினு வந்துச்சுங்க."

"நல்ல விஷயம்தானே அண்ணே."

"இன்னா நல்ல விஷயம்? எழிலுக்குக் கை உடைஞ்சி ரொம்ப நாளா கட்டு போட்டுகினு கீறாளாம். பாவம்னு பாக்க வந்தாங்களாம். காலையிலதான் அந்தக் கையால ரெண்டு குடம் தண்ணி தூக்கியாந்தா. அவ அம்மா அம்மணி கீறாளே, இன்னாடி கையின்னு வாயத் தொறந்தா. இவ பின்னால நின்னுகினு இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளினா பாருங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, ஆப்பிள் துன்னோம்."

மறுநாள் சாயங்காலம் சூர்யகலா பேருந்து நிலையத்தில் சேவூர் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் எழிலரசியைப் பிடித்தாள்.

"கையக் காட்டு."

"எந்தக் கை டீச்சர்?"

"உடைஞ்ச கை."

எழிலரசி புத்தகப்பையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த கட்டுத்துணியை எடுத்துக் காட்டினாள். கல்லூரி வாசலில் சுற்றிக்கொள்வாளாம். திரும்பி வரும்போது கழற்றிவிடுவாளாம். ஞாயிற்றுக்கிழமை துவைத்துக் காயப்போடுவாளாம். அவளுக்காகப் பாடக்குறிப்பு எழுத அவள் தோழிகளுக்குள் போட்டியே நடக்கிறதாம்.

"ஏண்டி இந்தக் கூத்து?"

"ஸ்கூல்ல என்னைத் தனி ரூம்ல உக்கார வச்சீங்க. பாஸ் பண்ணதும் இன்னா சொன்னாங்க தெரியுமா? எவளோ எழுதிக் குடுத்தா, இவ பாஸ் பண்ணான்னாங்க. இங்க யாருக்கும் தெரியாது டீச்சர். கை உடைஞ்சிருந்தா பாவம்னு ஆப்பிள் வாங்கியாராங்க. எழுத்து வரலைனா மக்குனு சிரிக்கிறாங்க. நான் கை உடைஞ்சவளாவே இருந்துட்டுப் போறேன்."

சூர்யகலா கட்டுத்துணியை வாங்கி, மறுபடி சுருட்டி அவள் பைக்குள்ளேயே வைத்தாள்.

"சரி, பரீட்சைக்கு?"

"கட்டோடதான் போவேன். எழுத ஆள் போட்டுத் தருவாங்க."

"எக்ஸ்ரே கேப்பாங்க. பொய்க் கட்டுனு தெரிஞ்சா பரீட்சையே எழுத வுடமாட்டாங்க. உங்க நைனா போட்ட கண்டிஷன் நெனப்பிருக்குதா?"

"இருக்குது. நான் பாத்துக்கறேன். நீங்க காலேஜ் பக்கம் மட்டும் வராதீங்க. வந்தீங்கனா அன்னைக்கே நான் நின்னுடுவேன். சத்தியம் பண்ணுங்க டீச்சர்."

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. "சூர்யகலா டீச்சர் உன் காலேஜ் வாசப்படிய மிதிக்கமாட்டா. போதுமா?" என்று இவள் அவள் கையில் அடித்தாள். அந்தக் கைதான் உடைந்த கை.

சத்தியத்தில் போன் சேராது என்பது சூர்யகலாவின் கட்சி. கல்லூரி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். எழுத ஆள் வேண்டுமென்றால் துறைத் தலைவர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் மனு கொடுக்க வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும், தாமதமானால் கிடையாது என்றார்கள்.

"நீங்க யாரும்மா பேசறது?"

"அவ ஸ்கூல் டீச்சருங்க."

"ஸ்கூல்தான் முடிஞ்சிடுச்சே" என்று வைத்துவிட்டார்கள்.

அன்று புதன்கிழமை. பக்கத்து வீட்டுத் தேவகி பட்டுப்புடவைகளை அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோய்த் தவணைக்கு விற்கிறவள். அவள் பையை மடித்துக் கட்டுவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த சூர்யகலாவுக்கு யோசனை பிறந்தது. ஆரணியில் எந்தக் கட்டிடத்துக்குள்ளும் யாரையும் கேட்காமல் நுழையக்கூடியவை இரண்டு. ஒன்று பூனை, மற்றது பட்டுப்புடவைப் பை. சூர்யகலா டீச்சர் வரமாட்டாள் என்றுதானே சத்தியம்? புடவைக்காரி வரமாட்டாள் என்று யாரும் யார் கையிலும் அடிக்கவில்லையே.

"உனக்கு இன்னாடி தெரியும் யாவாரம்?" என்றாள் தேவகி.

"ஒரு மத்தியானம் குடுக்கா. புடவை அழுக்காவாம கொண்டாந்துடுவேன்."

"நீ சொல்ற வெலையில அவங்க பாதி கேப்பாங்க. நீ முடியாதுனு பையக் கட்டிகினு எழுந்துக்கணும். வாசப்படி வரைக்கும் போவணும். அப்பதான் கூப்புடுவாங்க. அதுக்கு முன்னால வாயத் தொறக்கக்கூடாது. தெரிஞ்சுதா?"

"வாயத் தொறக்காம இருக்கறதா? நானா?"

"அதான் எனக்கும் பயம்" என்றாள் தேவகி.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். கல்லூரி வாசலில் காவலாளி முருகேசன், "யாரைப் பாக்கணும்?" என்று பாதி எழுந்தார். பையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "சீக்கிரம் போ யம்மா, மேடமுங்க சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க. சம்சாரத்துக்கு ஒண்ணு கடைசியில காட்டு" என்றார்.

வணிகவியல் ஆசிரியைகளின் அறையில் புளிசாதமும் ஊறுகாயும் மணத்துக்கொண்டிருந்தன. ஜன்னலோரத்தில் துறைத் தலைவர் துர்கா மேடம். சூர்யகலா பையை அவிழ்த்ததுதான் தாமதம், டிபன் பாக்ஸ்கள் மூடிக்கொண்டன, நாற்காலிகள் சுற்றி வந்துவிட்டன.

"மேடம், உங்க ஃபர்ஸ்ட் இயர்ல எழிலரசினு ஒரு பொண்ணு..."

"அந்த அரக்கு கலரை எடும்மா."

எடுத்தாள். "அந்தப் பொண்ணு விஷயமா உங்க கிட்ட தனியா..."

"முந்தியப் பிரி. இன்னும் கொஞ்சம். மயில் போட்டிருக்கா, அன்னமா?"

"மயில் மேடம். அந்தப் பொண்ணுக்கு..."

"மயில் என் கிட்ட நாலு கீது. வேற காட்டு."

இப்படி அரக்கு போய் மாம்பழம் வந்தது, மாம்பழம் போய்க் கிளிப்பச்சை வந்தது. ஆரணி நெசவே அந்த மேசைமேல் வந்து குவிந்துவிட்டது போலிருந்தது. சூர்யகலாவின் வாழ்நாளில் அவளை இத்தனை பேர் சேர்ந்து இப்படிப் பேசவிடாமல் செய்தது கிடையாது. மணி அடித்தால் மேடம் வகுப்புக்குப் போய்விடுவார். நாளை வெள்ளிக்கிழமை. விற்றுத் தொலைத்தால்தான் பேச்சு கேட்பார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கிளிப்பச்சையை துர்கா மேடம் விரலால் தடவிக்கொண்டே, "இது எவ்ளோ?" என்றதும், தேவகி சொன்ன பாடம் மறந்துபோய், தேவகியின் விலையில் பாதியை அவளே சொல்லிவிட்டாள்.

புடவைகளைப் புரட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. ஊறுகாய் மணம்கூடக் கொஞ்சம் ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது.

ஆரணியில் புடவைக்காரியே பாதி விலை சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. துர்கா மேடம் பிறந்த வீட்டிலும் தறி, புகுந்த வீட்டிலும் தறி. அவர் புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சரிகையை நகத்தால் சுரண்டினார்.

"நெஜப் பட்டு. நல்ல சரிகை. இந்த வெலைக்கு நூலு கூட வராதே. இது யார் தறியிலே நெய்ஞ்சது?"

"எங்க... வூட்டுத் தறிதான் மேடம்."

"எந்தத் தெரு? எந்த முதலாளிக்கு நெய்யறீங்க?"

எழுத்து தெரியாத பிள்ளைகளின் சங்கடத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய சூர்யகலாவுக்கு, கேள்வி கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"போன வாரம் எங்க சொந்தக்காரங்க வூட்ல, தறியிலயே புடவைய அறுத்துகினு போயிட்டாங்க மேடம்" என்றார் ஓர் இளம் ஆசிரியை, போனை எடுத்துப் படம் பிடித்தபடி. "அதுவும் கிளிப்பச்சைதான்."

"முருகேசனைக் கூப்பிடுங்க" என்றார் துர்கா மேடம். "நீ இப்படி உக்காரும்மா. பையத் தொடாதே."

அப்போதுதான் சூர்யகலா வாசலைப் பார்த்தாள். கையில் கட்டோடு எழிலரசி நின்றுகொண்டிருந்தாள். பின்னால், மேடத்திடம் கொடுக்க அவளுடைய நோட்டுகளைச் சுமந்துகொண்டு இரண்டு தோழிகள்.

எழிலரசியின் முகத்தில் முதலில் வந்தது கோபம். சத்தியத்தை மீறிவிட்டாயே என்ற கோபம். அடுத்து வந்தது பயம். சூர்யகலா தலையை லேசாக ஆட்டினாள். போ, போய்விடு, உன்னை எனக்குத் தெரியாது என்பது அதற்கு அர்த்தம். நான் யார் தெரியுமா, எந்தப் பள்ளி தெரியுமா என்று ஒரு வார்த்தை சொன்னால் தான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வார்த்தை எழிலைப் பற்றித்தான் வரவேண்டும், அதையும் இந்தத் தோழிகளின் முன்னால். ஆகவே அவள் இரண்டு வாயையும் மூடிக்கொண்டாள். பேச முடியாதபோது நாக்கை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

முருகேசன் மூச்சிரைக்க வந்து நின்றார். "நான் அப்பவே நெனச்சேன் மேடம்" என்றார். அவர் அப்படி எதையும் நினைக்கவில்லை.

"மேடம், அவங்க புடவைக்காரி இல்ல."

எழிலரசியின் குரல். சின்னக் குரல்தான்.

"உனக்குத் தெரியுமா இவங்கள?"

"என் ஸ்கூல் டீச்சர் மேடம். ஸ்பெஷல் டீச்சர்."

"டீச்சருக்கு இங்க இன்னா வேலை? புடவையோட?"

எழிலரசி சூர்யகலாவைப் பார்த்தாள். பள்ளியில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று, இப்போது டீச்சர் சொல்லிவிடுவார் என்று பார்ப்பாளே, அதே பார்வை. டீச்சர் சொல்லவில்லை. தோழிகளில் ஒருத்தி நோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"எனக்காக வந்தாங்க மேடம். எனக்குக் கை உடையல." கட்டின் முனையைப் பல்லால் கடித்து இழுத்து, சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். "எனக்கு எழுத்து வராது. படிச்சா எழுத்து மாறி மாறித் தெரியும். வாயால கேட்டீங்கனா எல்லாம் சொல்லுவேன். ஸ்கூல்ல எழுதறதுக்கு ஆள் குடுத்தாங்க. இங்க கேக்க வெக்கமா இருந்துச்சு. நான் வரவேணாம்னு சொன்னதாலதான் அவங்க இப்படி வந்தாங்க."

"அப்ப இந்தக் கட்டு?"

"பொய் மேடம்."

துர்கா மேடம் திரும்பி, "நீங்க?" என்றார்.

"நானும் பொய்தான் மேடம்" என்றாள் சூர்யகலா.

"இந்தப் புடவையாவது நெஜமா?"

"அது தேவகியக்காவோடது. சத்தியமா நெஜம். வெலை மட்டும் நான் சொன்னதுல டபுள்."

யார் முதலில் சிரித்தார்கள் என்பதில் அந்தத் துறையில் இன்றும் தகராறு உண்டு. தோழிகள் சிரிக்கவில்லை. ஒருத்தி, "அப்ப அந்த ஆப்பிளு?" என்று மெதுவாகக் கேட்டாள். "எங்கம்மா துன்னுட்டாங்க" என்றாள் எழிலரசி. கொஞ்ச நேரம் அவளை முறைத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் நோட்டை மட்டும் கீழே வைக்காமல் நின்றாள்.

துர்கா மேடம் சிரித்து முடித்துவிட்டுக் கடுப்பானார். இப்படி ஒரு மாணவி தன் வகுப்பில் இருப்பது தனக்கே தெரியவில்லை என்ற கடுப்பு. இதற்கு முன்னால் இப்படி யாரும் வந்து கேட்டதில்லை, என்ன செய்வதென்று தனக்கும் தெரியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். "உனக்கு இன்னா இன்னா வேணும், சொல்லு."

"எழுதறதுக்கு ஒருத்தர் வேணும். கேள்விய அவங்களே படிச்சிக் காட்டணும். ஒரு மணி நேரம் கூட வேணும்."

"தனி ரூம்?"

எழிலரசி யோசித்தாள். "வேணும் மேடம். சத்தமா சொன்னா மத்தவங்களுக்கு பேஜாரா இருக்கும்ல."

"வா, பிரின்சிபால் கிட்ட போலாம். இதையே அப்படியே சொல்லு."

சூர்யகலா சடாரென்று எழுந்தாள். "அவ சர்டிபிகேட் பத்தி நான் வந்து..."

"நீங்க புடவைய மடிங்க" என்றார் துர்கா மேடம்.

வகுப்பு மணி அடித்து அறை காலியானது. சூர்யகலா புடவை மடித்தாள். பட்டை எப்படி மடிப்பது என்று அவளுக்குத் தெரியாது. ஓரத்தைப் பிடித்தால் முந்தி நழுவியது, முந்தியைப் பிடித்தால் ஓரம் கோணியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முருகேசன் பொறுக்கமாட்டாமல் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக ஆறு புடவையையும் மடித்து முடிக்கிற வரைக்கும் எழிலரசி வரவில்லை. முதல்வர் என்ன கேட்கிறாரோ, அவள் திக்குகிறாளோ, அழுகிறாளோ என்று சூர்யகலா கதவு வரைக்கும் போனாள். போய்த் திரும்பி வந்து, மடித்த புடவையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

எழிலரசி வந்தபோது முகம் சிவந்திருந்தது. அழுததற்கான அடையாளமும் இருந்தது.

"இன்னாடி சொன்னாரு?"

"நெறைய கேட்டாரு. இது இன்னா வியாதினு கேட்டாரு. வியாதி இல்ல சார்னு சொன்னேன். நாளைக்கு சர்டிபிகேட் கொண்டாந்தா அனுப்பறேன்னாரு." அவிழ்த்த கட்டுத்துணியைக் கைக்குள் சுருட்டினாள். "உங்க மேல இன்னும் கோபமாதான் கீது டீச்சர்."

"இருக்கட்டும்."

"சத்தியம் பண்ணீங்க."

"டீச்சர் வரமாட்டானு பண்ணேன். வந்தவ புடவைக்காரி."

"போங்க டீச்சர்" என்று பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள் எழிலரசி. மறுகாதை இவள் பிடித்தாள். வாசல் வரைக்கும் இருவரும் அப்படியே போனார்கள்.

மனு வெள்ளிக்கிழமையே போனது. அனுமதி தேர்வுக்கு முந்தின நாள்தான் வந்தது, அதற்குள் எழிலரசி அலுவலகத்துக்கு நடந்த நடையில் அங்கிருந்த எழுத்தர் அவளைக் கண்டாலே நாற்காலியைத் திருப்பிப் போட ஆரம்பித்திருந்தார். முடிவு தைமாதக் கடைசியில் தெரிந்தது. எல்லாத் தாளிலும் தேறியிருந்தாள், ஒன்றைத் தவிர. ஆங்கிலம் போய்விட்டது.

தங்கவேலு சூர்யகலாவுக்குப் போன் போட்டார். "டீச்சர், போச்சு. நான் அப்பவே சொல்லிகினு இருந்தேன்." இவள் மூச்சை இழுத்து ஆரம்பிக்கப் போனாள். அந்தப் பக்கம் போனை யாரோ பிடுங்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர், நீங்க வைங்க. நான் பேசிக்கறேன்."

வைக்கச் சொன்னாளே தவிர, அவளே அணைக்க மறந்துவிட்டாள். சூர்யகலாவும் வைக்கவில்லை. அது அவளால் ஆகாத காரியம். காதில் போனை அழுத்தியபடி நின்றாள்.

"நைனா, நீ போட்ட கண்டிஷன் இன்னா? பரீட்சை போச்சுனா நின்னுடணும்னு. பரீட்சை எங்க போச்சு? ஒரு பேப்பர்தான் போச்சு. அத அடுத்த தபா எழுதலாம். எங்க கிளாஸ்ல எழுத்து நல்லா வர்றவளுங்களே ரெண்டு மூணு அரியர் வச்சிருக்காளுங்க. நான் நிக்கமாட்டேன்."

"எம்மா, வாயி நீளுதே."

"நீளட்டும்."

 பிறகு தங்கவேலு அம்மணியிடம், "இவ யார் மாதிரி பேசறா பாத்தியா?" என்று கேட்பது கேட்டது. சூர்யகலா போனை வைத்துவிட்டாள்.

கிளிப்பச்சைப் புடவையை துர்கா மேடமே முழு விலைக்கு வாங்கிக்கொண்டார். இரண்டாம் ஆண்டில் இன்னொரு மாணவனும் எழுத்தோடு மல்லுக்கட்டுகிற மாதிரித் தெரிகிறது, ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்று அவரே கேட்டார். சூர்யகலா முறைப்படி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போனாள். முருகேசன் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டு, "வெளியாளுங்கள வுடறதில்லையே" என்றார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். "பை கொண்டாரலியா யம்மா? கொண்டாந்திருந்தா ஜல்தியா உள்ள போயிருக்கலாம்."